கப்பல் வரவில்லை, தேநீர் கொடுத்தேன்

பராமரிப்புப் பயிற்சியில் மரியநாயகிக்குச் சொல்லித்தந்த முதல் விதி, எழுதாத வேலை செய்யாத வேலை என்பது. இரண்டாவது விதி, கேட்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது. இருபத்திரண்டு வருடமாக இரண்டையும் அவள் மீறியதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரை அவருடைய வீட்டைவிட்டே கிளப்பக்கூடும் என்று மட்டும் அந்தப் பயிற்சியில் எவரும் சொல்லவில்லை.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. பிறந்தது மன்னாரில் பேசாலை. தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் இராமேஸ்வரம், பிறகு ஏழு வருடம் அகதி முகாம், பிறகு லண்டன். பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றாள், ஆஸ்பத்திரியில் துணி மடித்தாள், நாற்பத்தொரு வயதில் பராமரிப்புச் சான்றிதழ் எடுத்தாள். மிச்சத்தில் இரண்டு அறை வீடு. கணவன் சூசைதாசன் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் பாண் சுட்டு, முழங்கால் தேய்ந்து, இப்போது ஓய்வில் இருக்கிறான். மகள் டயனா மருந்துக்கடையில் வேலை. இதில் அழவோ பெருமைப்படவோ எதுவும் இல்லை என்பது மரியநாயகியின் கருத்து. காலம் போனது, கூடவே நாங்களும் போனோம், அவ்வளவுதான் என்பாள்.

வாரத்தில் நாலு காலை அவள் நோர்பரிக்கு பஸ் எடுத்துப் போனது எமிலியோ என்ற ஸ்பானியக் கிழவரைப் பார்க்க. எண்பத்தைந்து வயது. சாந்தாந்தர் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லண்டனுக்கு வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளி, இரவில் படித்து, கடைசியில் மாலைக் கல்லூரி ஒன்றில் இருபத்தேழு வருடம் பாடம் எடுத்தார். பாடம், ஸ்பெயினின் வரலாறு. ராஜாக்களின் பிறந்தநாள் வரலாறு அல்ல. காசு எங்கிருந்து வந்தது, எவர் கைக்குப் போனது, அது போனபோது எந்த ஆட்சி சாய்ந்தது என்கிற வரலாறு.

அவருடைய மாணவர்கள் வேலை முடித்து, கால் வீங்கி, பசியோடு வந்து உட்காருகிறவர்கள். வருடத்தைச் சொன்னால் தூங்கிவிடுவார்கள் என்பது எமிலியோவின் அனுபவம். அதனால் அவர் வருடமே சொல்வதில்லை. எல்லாவற்றையும் இன்று காலைச் செய்தி போலச் சொல்வார். "ராஜாவால் இன்று கடன் கட்ட முடியவில்லை. நாளை பட்டாளத்துக்குச் சம்பளம் இல்லை. சம்பளமில்லாத பட்டாளம் என்ன செய்யும், சொல்லுங்கள்?"

போன செப்டெம்பரில் ஒரு காலை அவர் சட்டைக்கு மேலே கோட்டும் போட்டுவிடச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "தொடங்கலாமா, மரியா?" என்றார். அன்றிலிருந்து, அவள் அவருடைய காலுக்கு வீக்கம் குறைக்கும் இறுக்கக் காலுறை ஏற்றுவதும் கஞ்சி காய்ச்சுவதுமாக இருக்க, அவர் நாளுக்கு இருபது நிமிடம் பாடம் நடத்தினார். காலுறை ஏற்றும்போது ஆளின் கவனம் வேறிடத்தில் இருந்தால் தோல் உரியாது, நோவும் குறைவு. அவளுக்கும் வசதிதான். அதனால் கேட்டுக்கொண்டாள்.

கேட்டதை எழுதியும் வைத்தாள். அவளை வேலைக்கு அனுப்பிய பராமரிப்பு ஏஜென்சி கொடுத்த நீலக் கோப்பு அடுக்களை மேசையில் கிடக்கும். அதில் மூன்று கட்டங்கள். ஆள் எப்படி இருந்தார், என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டால் ஏஜென்சியிலிருந்து ஃபோன் வரும். இந்தக் கட்டந்தான் வில்லங்கத்தின் வேர்.

*காலை 8.10. குளித்தார். கஞ்சி முழுவதும் சாப்பிட்டார். ராஜாவால் கடன் கட்ட முடியவில்லை என்று சொன்னார். ஆறுதல் சொன்னேன்.*

*காலை 8.05. மாத்திரை எடுத்தார். வெள்ளிக் கப்பல் வரவில்லை, கியூபாக் கரையில் டச்சுக்காரர் பிடித்துவிட்டார்கள் என்று சொன்னார். தேநீர் கொடுத்தேன்.*

மாதங்கள் இப்படியே போயின. ஏப்ரலில் எமிலியோ குளியலறையில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார், கோட்டைப் போட்டார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆனால் அந்த நாலு நாளில் முதியவர்களின் பராமரிப்பைப் பார்க்கும் உள்ளூர்க் கவுன்சிலில் அவருக்கென்று ஒரு கோப்பு திறந்தாகிவிட்டது.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் இருக்கும்போது தயாளினி ஃபோன் எடுத்தாள். லண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் வளர்ந்த பிள்ளை. ஏஜென்சியில் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

"அன்ரி, எங்கை நிக்கிறியள்?"

"பஸ்ஸுக்கை. சொல்லு பிள்ளை."

"எமிலியோன்ர ஃபைலைச் சோசல் வேர்க்கர் கேட்டவ. ஒன்பது மாசத்துப் பேப்பரையும் கொப்பி எடுத்து அனுப்பினனான். இப்ப ஃபோன் எடுத்து என்னைப் பேசுறா. ஆளுக்கு இவ்வளவு குழப்பம் இருக்கு, ஏன் முந்தியே அறிவிக்கேல்லை எண்டு."

"என்ன குழப்பம்? அந்தாளுக்கு ஒரு குழப்பமும் இல்லை."

"அன்ரி, ராஜாவிட்டைக் காசில்லை எண்டு பதினொரு இடத்திலை எழுதியிருக்கிறியள்."

"அந்த ராசாக்களுக்கு அடிக்கடி காசில்லாமல் போனது. அதுக்கு நான் என்ன செய்ய?"

தயாளினி சிரிக்கவில்லை. "ஒவ்வொண்டுக்கும் கீழை 'ஆறுதல் சொன்னேன்' எண்டு வேறை இருக்கு. வாசிக்கிற ஆள் என்ன நினைக்கும்? மனுசன் பயந்து நடுங்குறார், நீங்கள் தடவிக் குடுக்கிறியள் எண்டுதானே? செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருகினம். தன்ர முடிவைத் தானே எடுக்க ஆளுக்கு ஏலுமோ எண்டு பாக்க. ஏலாது எண்டு எழுதிச்சினமெண்டால் மருமகளும் கவுன்சிலும் சேர்ந்து முடிவெடுப்பினம். மருமகள் தன்ர ஊரிலை ஒரு ஹோம் பாத்து வைச்சிருக்கிறா."

மரியநாயகி இறங்க வேண்டிய தரிப்பு வந்தது. இறங்காமல் இருந்தாள்.

மருமகள் என்பது எமிலியோவின் இறந்துபோன தங்கையின் மகள், இசபெல். லண்டனிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி, கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தாள். கெட்டவள் அல்ல. மாமன் விழுந்த செய்தி கேட்டதிலிருந்து ஃபோன் அடித்தாலே அவளுக்கு நெஞ்சு பதறியது. மாமன் ஆசிரியராக இருந்தவர் என்பதும் அவளுக்குத் தெரியும். "அதனால்தான் அவருடைய குழப்பம் இந்த உருவத்தில் வருகிறது" என்று கவுன்சிலுக்குச் சொன்னவளே அவள்தான். பழைய வகுப்பறைக்குள் அவர் தொலைந்துபோய்விட்டாராம். அதற்கு மறுமொழி சொல்வது லேசு அல்ல என்று மரியநாயகிக்கு உடனே விளங்கியது. மறதி நோயாளிகளில் அப்படியும் சிலரை அவள் பார்த்திருக்கிறாள். ஒருவர் விடியற்காலை எழும்பி, இருபது வருடத்துக்கு முன் மூடிய கடையைத் திறக்கப் புறப்படுவார். எமிலியோ அந்த ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிவது வேறு, காட்டுவது வேறு.

எமிலியோ பலமுறை அவளிடம் சொன்ன ஒரு வசனம் இருந்தது. "ஒரு தரம் ஊரைவிட்டுக் கிளம்பினேன். அது போதும். இனி இந்தக் கதவால் என்னைத் தூக்கிக்கொண்டு போகலாம். நான் நடந்து போகமாட்டேன்."

ஞாயிறு பூசையில் எதற்கு எழும்பினோம், எதற்கு முழங்காலிட்டோம் என்ற நினைவில்லை. வீட்டுக்கு வந்ததும் தயாளினி அனுப்பியிருந்த பிரதிகளைச் சாப்பாட்டு மேசையில் குவித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சொந்தக் கையெழுத்தை எதிரியின் கையெழுத்துப் போலப் பார்த்தாள்.

"உரத்து வாசியன்," என்றான் சூசைதாசன். முழங்காலில் சுடுதண்ணீர்ப் போத்தலோடு சாய்கதிரையில் இருந்தான். "ரீவியிலையும் ஒண்டுமில்லை."

வேறு வழி தெரியாமல் வாசித்தாள். ராஜாவால் கடன் கட்ட முடியவில்லை. கடன் கொடுத்த ஜெர்மன்காரரும் ஜெனோவாக்காரரும் வாசலில் நிற்கிறார்கள். சம்பளம் கிடைக்காத பட்டாளம் அன்வேர்ஸ் பட்டினத்தைக் கொள்ளையடித்துவிட்டது. ஆறுதல் சொன்னேன்.

"ஆருக்கு, பட்டாளத்துக்கோ?"

"பகிடி விடாதேங்கோ."

"சரி, பிறகு?"

வெள்ளி போதாது, செப்புக் காசில் இரட்டை விலையை முத்திரை குத்தி ஜனங்களிடம் தள்ளுகிறார்கள். தேநீர் கொடுத்தேன். மூர் வம்சத்தாரைக் கப்பலேற்றித் துரத்திவிட்டார்கள், வலன்சியா வயலில் வேலை செய்ய ஆளில்லை. அன்று கஞ்சி பாதிதான் சாப்பிட்டார்.

சூசைதாசன் போத்தலைக் கீழே வைத்தான். "வயல் ஆக்களைத் துரத்தினால் ஆர் விதைக்கிறது? விசரன்கள். பிறகு?"

வெள்ளிக் கப்பலை டச்சுக்காரர் பிடித்தது. கத்தலோனியாக்காரர் கிளம்பியது, அதே வருடம் போர்த்துக்கல் பிரிந்தது. பாண் விலை ஏறி மட்ரிட்டில் சனம் தெருவுக்கு இறங்கியது. பிரான்ஸ்காரன் வந்தது. மடங்களின் காணியை அரசு ஏலத்தில் விற்றது. அந்த இடத்தில் மரியநாயகி கொஞ்சம் நின்றாள். அன்று கோயில் காணியைத் தொட்ட அரசின்மேல் வந்த கோபத்தில், எமிலியோவின் கஞ்சிக்குச் சீனி போட மறந்ததும் கோப்பில் இருந்தது. பிறகு கியூபாவும் பிலிப்பைன்சும் கைவிட்டுப் போயின. ராஜா தானும் போய்விட்டார். உள்நாட்டுப் போர். வங்கியின் தங்கம் மொஸ்கோவுக்குக் கப்பலேறியது. கறுத்தப் பாணுக்குப் பங்கீட்டுக் கூப்பன். 

"பிறகு?"

அவள் வாசிக்கவில்லை.

"என்னப்பா, நல்ல இடத்திலை நிப்பாட்டுறாய். பிறகு என்ன நடந்தது?"

"இப்ப என்ன கேட்டனீங்கள்?"

"பிறகு என்ன நடந்தது எண்டு."

மரியநாயகி கண்ணாடியைக் கழற்றினாள். மறதிக்காரரிடம் "பிறகு?" என்று கேட்க முடியாது. அவர்களுடைய கதையில் பிறகு என்று ஒன்று கிடையாது. நேற்று அம்மா சமைத்தாள் என்பார்கள், இன்று அதே அம்மாவைக் காணவில்லை என்று அழுவார்கள், நாளைக்கு மறுபடியும் அம்மா சமைப்பாள். இந்த மனுஷன் ஒன்பது மாதமாக, கிட்டத்தட்ட நூற்றைம்பது காலையாக, ஒரு அடி பின்னுக்கு வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாலு நாளைக்குப் பிறகும், நத்தார் விடுமுறைக்குப் பிறகும், விட்ட இடத்தில்தான் தொட்டிருக்கிறார். எங்கே விட்டோம் என்று நினைவிருந்தால்தானே அங்கே தொட ஏலும்?

"இதை அவைக்கு ஒழுங்கா அடுக்கிக் காட்டவேணும்," என்றாள்.

டயனா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சும்மா பார்க்கவில்லை. வந்து கதிரையை இழுத்துப்போட்டு, ஃபோனில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் வருடம் தேடி, பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு. எழுபத்தாறு. அறுநூற்று மூன்று. அறுநூற்று ஒன்பது. இருபத்தெட்டு. நாற்பது. மூன்று பேரும் ஏணிப்படி ஏறும் கிழவர்களைப்போல மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள், டயனாவுக்கு முப்பத்திரண்டுதான் என்றாலும்.

நவம்பர்த் தாளில் அவள் பென்சில் நின்றது. "அம்மா. இது பிழைக்குது."

*காலை 8.20. எழும்ப மறுத்தார். உடம்பு சூடு. தெருவில் ராணுவத் தாங்கி வந்துவிட்டது, கதவைத் திறக்காதே என்றார். என்னைக் கார்மென் என்று கூப்பிட்டார்.*

"இது நைன்ரீன் எய்ற்றி வன்," என்றாள் டயனா. "வலன்சியாவிலை தாங்கி இறங்கினது. சிக்ஸ்ரீன் ஃபோர்ற்றிக்கு நடுவிலை வந்திருக்கு. அம்மா, இந்த ஒரு பேப்பரை விட்டிடுங்கோ. Nobody will notice."

"அவையிட்டையும் கொப்பி இருக்கு."

"இருந்தாலும் நீங்களாக் காட்டவேண்டாமே."

மரியநாயகி அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு நடந்தது நன்றாக நினைவிருந்தது. கார்மென் என்பது இறந்துபோன தங்கை. அன்று அவர் கோட்டைக் கேட்கவில்லை. கடிகாரத்தைத் தேடவில்லை. அவளுடைய மணிக்கட்டை நீலம் பாய இறுக்கிப் பிடித்திருந்தார். சிறுநீரின் மணத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. கிழவர்களுக்குச் சலக்கிருமி வந்தால் முதலில் கலங்குவது புத்திதான். டாக்டருக்கு அடித்தாள். மருந்து கொடுத்தார்கள். ஆறாம் நாள் கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்த்துக்கல் பிரிந்த கதையைச் சொன்னார்.

"இதைத்தான் முதல் காட்டப்போறன்," என்றாள்.

"அம்மா!"

"குழம்பினால் எப்பிடி இருக்கும் எண்டு இதிலைதான் கிடக்கு. இது இல்லாட்டி மற்றதுகள் என்னெண்டு விளங்கும்?"

"கோணல்மாணலாப் போச்செண்டால்?" என்றான் சூசைதாசன்.

அவள் நவம்பர்த் தாளை அடுக்கின் மேலே வைத்தாள். அன்றிரவு நித்திரை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ரேச்சல் என்ற சோசல் வேர்க்கர், முந்திய நாளே வந்து ஹோட்டலில் தங்கியிருந்த இசபெல், ஏஜென்சிக்காகத் தயாளினி. தயாளினி வாசலிலேயே மரியநாயகியின் காதுக்குள் சொன்னாள்: "அன்ரி, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. உங்கட அபிப்பிராயம் ஒண்டும் சொல்லாதேங்கோ. கெயரர் அபிப்பிராயம் சொல்லக்கூடாது."

"எனக்கு அபிப்பிராயமே இல்லை. பேப்பர்தான் இருக்கு."

எமிலியோ கோட்டோடு இருந்தார். ரேச்சல் பண்பாகத்தான் கேட்டாள். இன்றைக்கு என்ன கிழமை. சரியாகச் சொன்னார். மாதம் சரி. அடுப்பு எரிவாயு மணத்தால் என்ன செய்வீர்கள். "ஜன்னலைத் திறந்துவிட்டு மரியாவைத் திட்டுவேன்," என்றார். ரேச்சல் எழுதிக்கொண்டாள். அது பகிடி என்று அவளுக்கு விளங்கியதா என்று மரியநாயகிக்குத் தெரியவில்லை. 

பிறகு ரேச்சல் தாள்களைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்: "எமிலியோ, கப்பல்களைப் பற்றி உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா? ராஜா உங்களிடம் பேசுகிறாரா?"

கிழவரின் முகம் மூடிக்கொண்டது. கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். அதற்குப் பிறகு கேட்ட மூன்று கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. இசபெல் கைக்குட்டையை எடுத்தாள். "பார்த்தீர்களா? இப்படித்தான் உள்ளே போய்விடுகிறார்."

ரேச்சலின் பேனா ஓடியது. அது என்ன எழுதுகிறது என்று மரியநாயகிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிந்தது. வருடக்கணக்கில் அப்படியான தாள்களை அவள் வாசித்திருக்கிறாள். கேள்விகளுக்குப் பதிலளிக்கவில்லை. விலகிக்கொண்டார்.

"மன்னிக்கவேணும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. தயாளினி அவள் முழங்கையைத் தொட்டாள். மரியநாயகி முழங்கையை எடுத்துக்கொண்டாள். "அந்தத் தாள்களை எழுதினது நான். அதில் ஒரு பொய் இருக்கிறது."

எல்லாரும் பார்த்தார்கள். எமிலியோவும்.

"ஆறுதல் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் நான் ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கு ஆறுதல் தேவைப்படவும் இல்லை. அவர் பாடம் நடத்தினார், நான் காலுறை போட்டேன். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. அதனால் எழுதினேன்."

தயாளினி கூரையைப் பார்த்தாள்.

"அவர் ஆசிரியராக இருந்தது எங்களுக்குத் தெரியும்," என்றாள் ரேச்சல். "ஆனால் அது இப்போது நடக்கிறது என்று அவர் நினைக்கிறாரா என்பதுதான் கேள்வி."

"ஓம். அதுதான் கேள்வி," என்று மரியநாயகி கோப்பைத் திறந்தாள். நவம்பர்த் தாளை எடுத்து முதலில் வைத்தாள். "இந்த நாள் அப்படித்தான் நினைத்தார். உடம்பு சூட்டை எழுதியிருக்கிறேன், பாருங்கள். சலக்கிருமி. டாக்டரின் கடிதம் பின்னால் இருக்கிறது. ஒரு சொல் ஒழுங்கில்லை. இனி மற்ற நாட்களை வரிசையாக வாசியுங்கள். ஓரத்தில் வருடம் போட்டிருக்கிறது. பின்னுக்குப் போகிறதா என்று பாருங்கள்."

ரேச்சல் வாசித்தாள். அவசரப்படாமல்தான் வாசித்தாள். தாள் புரளும் சத்தமும் கீழே பஸ் நின்று புறப்படும் சத்தமும் மட்டும் கேட்டன. மரியநாயகி கிழவரின் மூச்சை எண்ணினாள். நிமிடத்துக்கு இருபத்து நாலு. கூடத்தான். தன்னுடையதை எண்ணவில்லை. 

இசபெலும் எட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் விரலை வைத்து நிறுத்தினாள். 

*காலை 8.15. நன்றாகக் குளித்தார். அரசாங்கம் காசைக் கட்டுப்படுத்தி, வெளிநாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது, தொழிற்சாலைகளில் ஆளைக் குறைக்கிறார்கள் என்றார். பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் அட்டைப் பெட்டியோடு ரயிலேறினான், வங்கிகள் பிழைத்தன என்றார். சிறிது அழுதார். ஆறுதல் சொன்னேன்.*

"இது மாமாவேதான்," என்றாள் இசபெல். "அம்மா ரயில் நிலையத்தில் நின்று கை காட்டியதாகச் சொல்லுவாள்."

"அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டுத் திட்டம்," என்றார் எமிலியோ திடீரென்று. அவர் வாயிலிருந்து ஒரு வருடத்தை மரியநாயகி கேட்டது அதுவே முதல் தடவை. "நாட்டுக்கு நல்லது செய்த திட்டம். பின்னால் வந்த செல்வமெல்லாம் அதிலிருந்துதான். நாட்டுக்கு நல்லது நடக்கும்போது, சிலபேர் ரயிலில் ஏறவேண்டியிருக்கும். கல்லூரியில் இது பாடம் பதின்மூன்று, இரண்டாம் பருவம்."

ரேச்சல் பேனாவை வைத்தாள். "அப்படியென்றால் அடுத்த பாடம், வியாழக்கிழமைப் பாடம், என்ன?"

எமிலியோ அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நேற்றுக் காலை அவர் யூரோ வந்ததைச் சொல்லி முடித்திருந்தார். அடுத்தது கட்டடங்கள், வங்கிகள் விழுந்தது. அவளுக்கே தெரிந்தது. நாக்கு நுனியில் வந்தது. சொல்லிக்கொடுத்தால் அத்தோடு முடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். 

"வியாழக்கிழமை," என்றார் எமிலியோ மெதுவாக, "ஆளில்லாத வீடுகள். லட்சக்கணக்கில் கட்டி, விளக்கு எரியாத வீடுகள். ஆனால் நீங்கள் முந்திய பாடத்துக்கு வரவில்லை. வந்தாலும் உங்களுக்கு விளங்காது."

இசபெல் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டு சிரித்தாள்.

"இந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றாள் ரேச்சல். இந்தத் தடவை அவள் குரல் பெரிய ஆளிடம் பேசுகிற குரல்.

"விழுந்தேன். இன்னும் விழுவேன். தெரியும். ஹோமுக்குப் போனாலும் விழுவேன், அங்கே கம்பளம் மெத்தையாக இருக்கும், அவ்வளவுதான். என் மருமகள் பயப்படுகிறாள். அவள் பயப்படுவது நியாயம். ஆனால் அது அவளுடைய பயம், என்னுடைய வீடு."

பதினாறு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அந்தப் பதினாறு நாளிலும் எமிலியோவின் வீட்டுக்குப் போனதும் மரியநாயகி முதலில் தபாலைத்தான் பார்த்தாள். தன்னுடைய முடிவை எடுக்கும் திறன் அவருக்கு இருக்கிறது, வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கழுத்தில் அபாய மணி தொங்கவேண்டும், குளியலறையில் பிடி பூட்டவேண்டும், மாலையிலும் ஒரு ஆள் வரவேண்டும். மூன்று மாதத்தில் மறுபடியும் பார்ப்பார்கள்.

தயாளினி ஃபோனில் சொன்னாள்: "அன்ரி, இனியாவது சுருக்கமா எழுதுங்கோ."

"சுருக்கமா எழுதினபடியாலதான் இவ்வளவு வில்லங்கமும். இனிப் பாடமெண்டால் பாடமெண்டே எழுதுவன். மூண்டாம் பெட்டி வெறுமையாக் கிடந்தால் கிடக்கட்டும்."

"பொய் எண்டு அவைக்கு முன்னாலை சொன்னியள். எனக்கு உயிர் போட்டுது."

"எனக்கு மட்டும் இருந்ததோ?"

மூன்று மாதம் என்பதுதான் அவளை அரித்தது. ஜூன் நடுவில் எமிலியோவின் பாடங்கள் முடிந்துவிட்டன. கடன் கட்ட முடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள், சதுக்கங்களில் கூடிய சனங்கள், அத்தோடு கடைசி. "முடிந்தது, மரியா. இதற்குப் பிறகு நடப்பது வரலாறு அல்ல, பத்திரிகை," என்றார். அடுத்த நாள் கோட்டைக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலுறை போடும்போது நோகிறது என்றார். அவள் கோப்பில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. செப்டெம்பரில் ரேச்சல் வந்து இந்தத் தாள்களைப் புரட்டினால் என்ன காண்பாள்? கஞ்சி சாப்பிட்டார். பேசவில்லை. கஞ்சி சாப்பிட்டார். பேசவில்லை.

நாலாம் நாள் அவள் கேட்காமலே கோட்டை எடுத்துவந்து கதிரையில் வைத்தாள். 

"வேறு நாடு ஒன்றும் இல்லையா?"

"எனக்கு ஸ்பெயின்தான் தெரியும்."

"போர்த்துக்கல் பிரிந்துபோனது என்று சொன்னீர்கள். பிரிந்து போனவன் பிறகு என்ன செய்தான் என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கேட்கிறார்." அது பொய்யல்ல. சூசைதாசன் இரண்டு தரம் கேட்டிருந்தான். 

எமிலியோ கதிரையில் கிடந்த கோட்டைப் பார்த்தார். "அது நீளமான கதை."

"நீளமாக இருந்தால் நல்லது. மெதுவாகச் சொல்லுங்கள்."

கையை நீட்டினார். அவள் கோட்டைப் போட்டுவிட்டாள். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்று காலை," என்று தொடங்கினார், "லிஸ்பன் துறைமுகத்தில் ஒரு..." அங்கே நின்றார். சொல் வரவில்லை. கண்ணை மூடினார். காலுறை பாதிக் காலில் நின்றது. கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிடக் கோடுகளைத் தாண்டியது. அவள் அசையவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

"கப்பல்," என்றார் எமிலியோ. "ஒரு கப்பல். மிளகு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது."

இருபது நிமிடம் பாடம் நடந்தது. ஒழுங்காகத்தான் போனது. அவள் கஞ்சிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து, நீலக் கோப்பைத் திறந்தாள். பேனாவைப் பிடித்தபடி சற்று யோசித்தாள். பிறகு எழுதினாள்.

*காலை 8.10. குளித்தார். கஞ்சி முழுவதும் சாப்பிட்டார். பாடம், போர்த்துக்கல், முதலாவது. கப்பல் என்ற சொல்லுக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. பிறகு தானாகவே சொன்னார்.*

மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: *காத்திருந்தேன்.*